மாவட்டப் பக்கத்தில் வந்த ஒரு நியமனச் செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வேலூர் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியை, பன்னாட்டு அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் நிலத்தடி நீர், மண் மாசு பற்றிய பிரிவுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பது செய்தி. தாளாளர் பொன்னாடை போர்த்தும் படம் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் செய்தியில் பாதிக்கு மேல் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களே. எந்த ஆய்விதழ், யார் வெளியிடுவது, பிரிவு ஆசிரியருக்கு என்ன வேலை, எத்தனை ஆண்டுக்கு, ஒன்றையும் காணோம். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, "சர்வதேச ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பிடித்துச் சாதனை" என்று வேறொருவரைப் பற்றி இன்னொரு செய்தி, அதே அளவில். படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். இரண்டும் ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், சுருக்குவது உங்கள் உரிமை, ராமானுஜன் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். (மாவட்டத்தை 1989இல் ஒருமுறை பிரித்தார்கள், 2019இல் மறுபடியும் பிரித்தார்கள். இன்றைக்கும் எனக்கு வாயில் வருவது வட ஆற்காடுதான்.) வெளிநாட்டு ஜர்னல்கள் கப்பல் தபாலில் வந்த காலம் அது. உறையைப் பிரித்து, இதழ் வரவைக் குறிக்கும் கார்டெக்ஸ் அட்டையில் பதிந்து, ரப்பர் முத்திரை குத்தி, ரேக்கில் வைக்கும் முன் முன்னட்டையின் உள்பக்கத்தைப் பார்ப்பேன். ஆசிரியர் குழுவின் பெயர்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும். இந்தியப் பெயர் ஏதாவது தட்டுப்படுமா என்று தேடுவது எனக்கு ஒரு பழக்கம். அபூர்வமாக ஒன்று கிடைத்தால் பெங்களூர், பம்பாய் என்றிருக்கும். 1991இல் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் சந்தா எங்கள் கைக்கு எட்டாமல் போய், ஒவ்வொரு ஜர்னலாக நிறுத்தினோம். அந்த உள்பக்கப் பட்டியலில் இன்று எங்கள் ஊர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் பெயர் ஏறியிருக்கிறது. எனக்கு உள்ள சந்தோஷம் பொன்னாடையோடு முடிகிற சந்தோஷம் இல்லை.

எதிர்வீட்டு அம்மா செய்தி வந்த அன்று காலையிலேயே, "அந்த டீச்சர் ஃபாரின் போறாங்களாமே, சம்பளம் டாலர்லயா?" என்று கேட்டார். அவர் எங்கும் போகவில்லை. சம்பளமும் கிடையாது. பல ஆய்விதழ்களில் இந்தப் பொறுப்புக்கு ஊதியமே இல்லை. சில இதழ்கள் சிறு தொகை மதிப்பூதியம் கொடுக்கும். பேராசிரியை அதே வகுப்புகளை எடுத்துக்கொண்டு அதே பேருந்தில்தான் வந்து போகிறார். புதிதாகச் சேர்ந்திருப்பது ராத்திரி வேலை மட்டும்.

அந்த வேலை என்ன? உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு கட்டுரை இதழின் இணையதளத்துக்கு வரும். முதன்மை ஆசிரியர் அதன் பொருளைப் பார்த்து உரிய பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அதற்குமேல் அது பிரிவு ஆசிரியர் தலையில். மற்றவர் எழுதியதைச் சுருட்டிப் போட்டிருக்கிறார்களா என்று மென்பொருள் ஓர் அறிக்கை தரும். அதை அப்படியே நம்பிவிட முடியாது. ஆய்வுமுறையை விளக்கும் பகுதியில் எல்லோருமே ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். பிறகு கட்டுரையை அவரே படித்து, மதிப்பீட்டுக்கு அனுப்பும் தகுதி இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் அப்போதே திருப்பிவிடலாம். ஆறு மாதம் ஊறப்போட்டுத் திருப்புவதைவிட அதுதான் ஆராய்ச்சி மாணவனுக்குச் செய்யும் மரியாதை. தகுதி இருந்தால் அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களைத் தேட வேண்டும். இதுதான் பாடு. கேட்டவர்களில் பாதிப் பேர் பதிலே போட மாட்டார்கள். ஒப்புக்கொண்டவர் கெடு தாண்டியும் அனுப்ப மாட்டார். கடைசியில் அறிக்கைகள் வந்து சேரும்போது ஒருவர் "அருமை, அப்படியே போடலாம்" என்று நான்கு வரி எழுதியிருப்பார். மற்றவர் "அடிப்படையே தவறு" என்று மூன்று பக்கம் எழுதியிருப்பார். இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியது பிரிவு ஆசிரியர். யாரோ ஒருவரின் முனைவர் பட்டமோ, வேலையோ, பதவி உயர்வோ அந்தத் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்பேர்ப்பட்ட பொறுப்பை எப்படிக் கொடுத்தார்கள் என்று பேராசிரியையிடமே கேட்டேன். அவர் விண்ணப்பம் போடவில்லை. அந்த இதழுக்குப் பல ஆண்டுகளாக மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறார். கெடுவுக்குள் அறிக்கை அனுப்புவார். குறை சொன்னால் எந்த அட்டவணையில் எந்த எண் உதைக்கிறது என்று எழுதுவார். இதை முதன்மை ஆசிரியர் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார். பழைய பிரிவு ஆசிரியரின் காலம் முடிந்ததும் இவருக்குக் கடிதம் வந்தது. தன்விவரமும் வெளியிட்ட கட்டுரைகளின் பட்டியலும் கேட்டார்கள், காணொளியில் பேசினார்கள், ஆசிரியர் குழுவின் ஒப்புதல் வாங்கினார்கள். மூன்று ஆண்டுக் காலம். முதல் சில மாதங்களுக்கு இவருடைய முடிவுகளை மூத்த ஆசிரியர் ஒருவர் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு படிவம்: எந்த நிறுவனத்திடமாவது ஆய்வுப் பணம் வாங்குகிறீர்களா, பங்கு வைத்திருக்கிறீர்களா, சமீபத்தில் யாருடன் சேர்ந்து கட்டுரை எழுதினீர்கள் என்று. அதில் உள்ளவர்கள் அனுப்பும் கட்டுரையை இவர் தொடக்கூடாது. சொந்தக் கல்லூரிக்காரர்களின் கட்டுரையும் அப்படித்தான். இப்போதே இரண்டு பேர், "மேடம், நம்ம பேப்பர் ஒண்ணு இருக்கு" என்று வந்துவிட்டார்களாம். அவர்களிடம் எந்தக் கட்டுரையைத் தன்னால் பார்க்க முடியாது என்பதை எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்கள் செய்தியில் இந்தப் படிவத்தைப் பற்றி ஒரு வரி வந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

நல்ல பத்திரிகை ஆசிரியர் என்ன செய்வார் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1911இல் ராமானுஜனுக்கு வேலை கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலை அதற்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்குப் போனது. இதழின் ஆசிரியர் பெங்களூர்க் கணிதப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். கட்டுரையில் விஷயம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் படிக்கிறவன் பின்தொடர முடியாதபடி ராமானுஜன் பல படிகளைத் தாவிப் போயிருந்தார். "புரியவில்லை" என்று ஐயங்கார் தூக்கிப் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "மேதை எழுதியது" என்று அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் அது யாருக்கும் பயன்பட்டிருக்காது. கையெழுத்துப் படி மூன்று தடவை போய்த் திரும்பி வந்து, திருத்தப்பட்ட பிறகு வெளியானது. இரண்டு ஆண்டு கழித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியபோது ராமானுஜன் கையில் அச்சான கட்டுரைகள் இருந்தன. அந்தக் கடிதத்தைப் பெற்ற கணிதப் பேராசிரியர் ஹார்டியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஐயங்காரின் பெயரை எத்தனை கணித ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள்? நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988இல் கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயரைத்தான் வைத்தார்கள், எண் 4130.

இனி அந்த இன்னொரு செய்திக்கு வருகிறேன். அந்த நபர் யார், எந்த இதழ் என்று நான் தேடப் போகவில்லை. அவரைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வகைக் கடிதங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பணியில் இருந்தபோதே விரிவுரையாளர்கள் அவற்றை அச்செடுத்து என் மேசைக்குக் கொண்டு வருவார்கள். ஒன்று நினைவில் இருக்கிறது. எங்கள் தாவரவியல் ஆசிரியர் ஒருவருக்கு வந்தது. முதல் வரியில் அவருடைய பெயருக்கு முன்னால் "மாண்புமிகு டாக்டர்". இரண்டாவது பத்தியில் வேறு யாரோ ஒருவருடைய பெயர், மாற்ற மறந்திருக்கிறார்கள். "தங்களின் தலைசிறந்த கட்டுரையைப் படித்து வியந்தோம்" என்றிருந்தது, எந்தக் கட்டுரை என்று இல்லை. அழைப்பு எதற்கென்றால் பல் மருத்துவ இதழின் பிரிவு ஆசிரியராக. கடைசியில் சின்ன எழுத்தில், சேர்ந்த பிறகு ஆண்டுதோறும் இவர் கட்ட வேண்டிய தொகை. அவர் சிரித்துக்கொண்டே அதைக் கிழித்துப் போட்டார். எல்லோரும் கிழித்துப் போடுவதில்லை என்பதுதான் சங்கதி. சான்றிதழ் வரும், அதைச் சட்டம் போட்டுத் துறை அறையில் மாட்டுவார்கள், அப்புறம் உங்கள் நிருபருக்குப் போன் போகும்.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கட்டுரைக்கு இவ்வளவு, ஆசிரியர் குழுவுக்கு இவ்வளவு என்று புள்ளி போட்டுப் பதவி உயர்வு கொடுத்தால் கடை திறக்க ஆள் வரத்தானே செய்யும்? பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பு இதழ்களின் பட்டியல் என்று ஒன்று போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை அதுவே நீக்க வேண்டி வந்தது. பிறகு கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று கொண்டு வந்தது, 2025இல் அதையும் கைவிட்டது. இப்போது தரத்தைப் பார்க்கும் பொறுப்பு அந்தந்தக் கல்லூரிக்கே வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அதற்கு யார் இருக்கிறார்கள்? நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரிகள் எனக்குத் தெரியும்.

ஏழை நாட்டு வியாதி இது என்றும் எண்ண வேண்டாம். பெரிய பதிப்பகங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2014இல் சேஜ் பதிப்பகம் ஒரே பொறியியல் இதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. இன்னாரை மதிப்பீட்டாளராகப் போடுங்கள் என்று கட்டுரையாளர்களே பெயர் கொடுக்கலாம் அல்லவா, அதில் போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து, தங்கள் கட்டுரைக்குத் தாங்களே பாராட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹிண்டாவி என்ற பதிப்பகத்தின் இதழ்கள் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் நுழைந்தவை. விருந்தினர் ஆசிரியர் என்று யாரையோ உட்காரவைத்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதை விலைக்கு வாங்கியிருந்த வைலி நிறுவனம் கடைசியில் ஹிண்டாவி என்ற பெயரையே விட்டுவிட்டது. பிரிவு ஆசிரியர் ஒருவர், கொடுத்த மின்னஞ்சல் முகவரி உண்மையில் அந்தப் பேராசிரியருடையதுதானா என்று அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருந்தால் பாதி மோசடி வாசலிலேயே நின்றிருக்கும். நம் பேராசிரியை இதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறாராம்.

வேலூர்க்காரர்கள் இதில் ஏன் அக்கறைப்பட வேண்டும்? பாலாறு இருக்கிறதே. தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பை இன்றைக்கு நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் வாணியம்பாடிக் கிணற்றில் எவ்வளவு குரோமியம், ராணிப்பேட்டை மண்ணில் எவ்வளவு என்ற கட்டுரைகள் சரியான கைகளால் சலிக்கப்பட்டு வர வேண்டாமா? தோல் பதனிடப் பயன்படுத்துவது பெரும்பாலும் மூவிணைதிறன் குரோமியம். உடம்புக்குப் பெரிய கேடு அறுவிணைதிறன் குரோமியம். இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு "விஷம்" என்று எழுதினால் தொழிற்சாலைக்காரர் நீதிமன்றத்தில் சிரிப்பார். அளக்காமலே விட்டு "ஆபத்தில்லை" என்று எழுதினால் கிணற்றுக்காரர் அழுவார். இந்த வித்தியாசத்தைக் கேட்டு, கட்டுரையைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

ஊரைத் தெரிந்தவராக இருப்பதும் ஒரு தகுதிதான். பேராசிரியை சொன்னார்: பல ஆண்டுகளுக்கு முன் பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி அவர் ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். மதிப்பீட்டாளர் யாரோ குளிர் நாட்டுக்காரர் போலிருக்கிறது. "ஆற்று நீரின் மாதிரியை ஏன் எடுக்கவில்லை? ஆய்வில் இது பெருங்குறை" என்று எழுதிவிட்டார். இவர் வாதம் செய்யவில்லை. மே மாதம் பாலத்தின் மேல் நின்று எடுத்த படம் ஒன்றை இணைத்து அனுப்பினார். கரையிலிருந்து கரைவரை மணல், நடுவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். கட்டுரை ஏற்கப்பட்டது. பாலாற்றில் நீர் என்றால் மணலுக்கு அடியில் உள்ள நீர் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேள்வி இனி ஒரு ஆம்பூர் மாணவிக்கு வந்தால் இவர் அதைப் படித்துவிட்டு, "இதற்குப் பதில் தேவையில்லை" என்று ஒரு வரி எழுத முடியும். உள்ளூர்க்காரர் உள்ளூர்க் கட்டுரையைப் பார்ப்பது பாரபட்சம் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஊர் தெரிந்திருப்பது பாரபட்சம் அல்ல என்பது என் எண்ணம். தோல் தொழிற்சாலையில் பங்கு இருந்தால், வழக்குத் தொடுத்த தரப்போடு உறவு இருந்தால், அது வேறு. அதற்குத்தான் படிவம்.

கல்லூரி நிர்வாகத்துக்கும் உங்கள் வழியாக ஒரு வார்த்தை. நுழைவாயிலில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள், சரி. அவருக்கு வாரத்துக்கு ஒரு வகுப்பையாவது குறைத்துக் கொடுங்கள். பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரம் என்று மானியக் குழு சொல்வது ஏட்டில் இருக்கிறது; தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்று கோப்பு தயாரிக்கும் பணி எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் யாரோ ஒருவரின் நான்கு வருட உழைப்பை அவர் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இப்படி ஒரு நியமனச் செய்தி வந்தால் இதழின் பெயரையும் வெளியீட்டாளரின் பெயரையும் போடாமல் அச்சிடாதீர்கள். பணம் கட்டிச் சேர்ந்ததா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உண்மையாக நியமனம் பெற்றவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது அடையாள எண், தரச்சான்று இல்லை, வார ராசிபலன் இதழும் வாங்கலாம். இதழின் சொந்த இணையப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா, அதே பட்டியலில் உள்ள மற்றவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, கட்டுரை வந்த தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் நடுவில் மூன்றே நாளா என்று பார்த்தாலே போதும், பெரும்பாலும் வெளிச்சமாகிவிடும். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்தே மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. ஆகவே இதழைப் படித்துப் பார்க்கவே வழியில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

உங்கள் நிருபர் தம்பி குடியாத்தம் பக்கம் வந்தால் காலை வேளைகளில் நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். கையில் இருக்கிற அடுத்த நியமனச் செய்தியைக் கொண்டு வரட்டும், இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடிவிடலாம். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர்,
குடியாத்தம்.